மருதம்பட்டை இருக்க மாத்திரை எதற்கு?

“என் வீட்டுக்காரருக்கு வயது 52. போன ஆடியில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் ஐந்து மாத்திரை. கால் சதையெல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சந்தையில் யாரோ, ‘வாய்க்கால் கரையில் மருத மரத்தை வைத்துக்கொண்டு மாத்திரை தின்கிறாயே’ என்று கேட்டிருக்கிறார். பொங்கலோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையும் மாலையும் பட்டைக் கஷாயம், ராத்திரி பாலில் பூண்டு. உடம்பு லேசாக இருக்கிறதாம். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 142. எனக்குப் பயமாக இருக்கிறது.”

- ஒரு வாசகி, லால்குடி வட்டம்.

உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. பட்டை, பூண்டு பேச்செல்லாம் பிறகு. இந்தப் பக்கத்தைப் படித்த கையோடு ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போன் செய்து, மாத்திரை நிறுத்தியதைச் சொல்லி, அவரை அழைத்துப் போங்கள். அடுத்த அமாவாசை, அறுப்பு முடியட்டும் என்று தள்ள வேண்டாம். இடையில் நெஞ்சை அழுத்துவது மாதிரியோ, தாடை, இடது கை வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று சோடா குடித்துப் பார்க்கிற நேரமில்லை அது.

ஏன் இந்த அவசரம்? அந்த ஐந்து மாத்திரையும் ஒரே வேலை செய்பவை அல்ல. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த வலைக்குழல். அதன் மேல் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ள ஒன்றோ இரண்டோ மாத்திரை. அவற்றை டாக்டருக்குத் தெரியாமல் விட்டால், ஸ்டென்ட் திடீரென்று அடைபடலாம். கொழுப்பு மாத்திரை வேறு, ரத்த அழுத்த மாத்திரை வேறு. ‘உடம்பு லேசாக இருக்கிறது’ என்பதை வைத்து இதில் எதையும் அளக்க முடியாது. கொழுப்பு கூடினால் உடம்பு சொல்லாது.

கால் சதை வலி என்பதும் பொய்யல்ல. கொழுப்பு மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். அதற்கு வழி அளவைக் குறைப்பது, அல்லது அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாறுவது. அதை டாக்டரிடம் சொல்லாமல் சந்தையில் சொன்னதுதான் கோளாறு.

‘மாத்திரை ரசாயனம், பட்டை இயற்கை’ என்று அவர் வாதம் செய்வார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஜப்பானில் அகிதா பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. சின்ன வயதிலிருந்தே காளான், பூஞ்சணம் என்றால் ஆசை. 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, கடைசியில் அரிசியில் பிடித்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில், ஈரல் கொழுப்பு தயாரிப்பதைத் தடுக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். இன்றைய ‘ஸ்டாட்டின்’ மாத்திரைகளுக்கு மூலம் அதுதான். பூசணம் பிடித்த அரிசியிலிருந்து வந்த மருந்து!

மருதம்பட்டைக்கு வருவோம். நீர்மருது இதயத்துக்குப் பழங்காலம் தொட்டுப் பேசப்படும் பட்டை. நம் நாட்டிலேயே சிறு சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு குறைந்ததாகச் சொன்னவையும் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில் பட்டையை மாத்திரைகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரைக்குப் பதில் பட்டையே போதும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிக்க ஆசையென்றால் இதய டாக்டரிடமும் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடமும் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். பூண்டும் அப்படித்தான். குழம்பில், ரசத்தில் தாராளமாகப் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் பச்சைப் பூண்டை மருந்து மாதிரி நிறையத் தின்றால் ரத்தக்கசிவு கூடலாம்.

(மரத்துக்காகவும் ஒரு வார்த்தை. பட்டையைச் சுற்றி வளையமாக உரித்திருந்தால் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கமாக, நீளவாக்கில் சிறு கீற்றுதான் எடுக்க வேண்டும்.)

சாப்பாட்டால் பயனே இல்லையா? உண்டு. ஈரல் கொழுப்பிலிருந்துதான் பித்தநீர் செய்கிறது. வெந்தயம், கொள்ளு, பார்லி, வெண்டை, கொய்யா இவற்றில் உள்ள வழுவழுப்பான நார் குடலில் பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். புதிதாகப் பித்தநீர் செய்ய ஈரல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். தினமும் தவறாமல் சாப்பிட்டால் கெட்ட கொழுப்பு 5 முதல் 10 சதவிகிதம் வரை இறங்கலாம். கணக்குப் போடுங்கள்: 142 என்பது 128 ஆகும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 70-க்குக் கீழே வேண்டும் என்பார்கள். மாத்திரை 30 முதல் 50 சதவிகிதம் வரை இறக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும். ஆகவே கொள்ளு ரசமும் தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும். பீடி, சிகரெட் இருந்தால் அதை நிறுத்துவது இவை எல்லாவற்றையும் விட முக்கியம். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

“சொந்தமாக மரச்செக்கு வைத்திருக்கிறோம். கடலை எண்ணெய் பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சடிக்கலாமா?”

- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பசும்பாலில் மிளகாய் இல்லை என்று போர்டு வைப்பது மாதிரிதான். கொலஸ்ட்ரால் கறி, முட்டை, பால், நெய் போன்றவற்றில் இருப்பது. எந்தச் செடி எண்ணெயிலும் அது கிட்டத்தட்ட இல்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவிகிதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதைவிடவும் குறைவு. தென்னை வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், சட்னிக்குத் தேங்காய் அரைப்பதை யாரும் தடுக்கவில்லை. எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்றும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள், வியாபாரம் கொஞ்சம் குறைந்தாலும்.

லேபிளை விட முக்கியமான வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. ஆட்டுவதற்கு முன் பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். அதில் வரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சுத்திகரித்த எண்ணெயில் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் தங்கிவிடும். ஒதுக்கிய பருப்பை மாட்டுக்கும் போடக்கூடாது. பால் வழியாக நம்மிடமே திரும்பி வரும்.