தொலைபேசியிலும் ஸலாம் சொல்லி நுழைவோம்



பெண்களுக்கான வகுப்பொன்று முடிந்த பின்னர் ஒரு தாய் என்னிடம் வந்தார். "மௌலவி, என் மகன் றியாதில் இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோவில் எடுப்பார். ஒரு நாள் என் மகள் தலையில் துணியில்லாமல் பின்னால் நடந்து போய்விட்டாள். அந்த அறையில் இருந்த யாரோ ஒருவர், 'உங்கள் தங்கச்சியா?' என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. அன்று முதல் நானா எடுத்தால் அவள் அறையை விட்டு வருவதில்லை. தங்கச்சி கோபமாக இருக்கிறாள் என்று மகன் நினைக்கிறார். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

ஒருவருடைய கெட்ட எண்ணத்தால் நடந்த காரியமல்ல இது. ஆனாலும் ஒரு சகோதரனுக்கும் சகோதரிக்கும் இடையில் திரை விழுந்துவிட்டது. இப்படி எத்தனை வீடுகளோ!

நமது மக்கள் மத்திய கிழக்குக்குச் செல்லத் தொடங்கிய காலத்தில் கடிதமும், பேசிப் பதிந்து அனுப்பிய கெசட்டும் வந்தன. பின்னர் 2003 இல் ஸ்கைப் வந்தது. கணினிக்கு முன்னால் குடும்பமே கூடியது. அந்த ஸ்கைப் 2025 மே 5 ஆம் திகதியுடன் மூடப்பட்டும் விட்டது. இன்று வட்ஸ்அப் போன்ற செயலிகள் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. முன்பு வெளிநாட்டிலிருந்து வந்தது குரல் மட்டுமே. இப்போது பார்வையும் வருகிறது. குரல் வருவது வேறு, பார்வை வருவது வேறு.

ஸூரதுந் நூரின் 27 ஆம் வசனத்தில், பிறர் வீடுகளில் அனுமதி பெற்று, வீட்டாருக்கு ஸலாம் கூறாமல் நுழைய வேண்டாம் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது நபியவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஃத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. சிந்தித்துப் பாருங்கள். கால் நுழைவதற்கு முன்னரே கண் நுழைந்துவிடுகிறது. இன்று நம் கையில் இருக்கும் கெமராவும் அத்தகைய ஒரு துவாரமே.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஒழுக்கத்துக்கு உதவும் வசதிகள் அச்செயலிகளிலேயே இருக்கின்றன. நம்மில் பலருக்கு அவை தெரிவதில்லை. சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, குரலில் தொடங்கி வீடியோவுக்கு மாறுவது. எடுத்த எடுப்பிலேயே வீடியோவில் அழைக்காமல் சாதாரண அழைப்பாக எடுங்கள். ஸலாம் சொல்லுங்கள். யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று இருதரப்பும் கேட்டுக் கொள்ளுங்கள். அதன் பிறகு கெமராப் படத்தை அழுத்தினால், வீடியோவுக்கு மாறச் சம்மதமா என்று மறுமுனையில் இருப்பவரிடம் கேட்கப்படும். அவர் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தாலும் பேச்சு அறுவதில்லை. வாசலில் நின்று அனுமதி கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறெது?

இரண்டாவது, பின்னணியை மங்கலாக்குவது. 2024 இல் வட்ஸ்அப் வீடியோ அழைப்புகளுக்கு இந்த வசதி வந்தது. பேசுபவரின் முகம் தெளிவாகவும் வீட்டின் உட்புறம் மங்கலாகவும் தெரியும். ஆனால் இதை முழுமையாக நம்பிவிடாதீர்கள். பின்னால் நடந்து வருபவரையும் சில வேளை செயலி மனிதர் என்று கண்டு தெளிவாகவே காட்டிவிடும். ஆகவே சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பேசுவதே மேல். நபி (ஸல்) அவர்கள் ஒருவருடைய வாசலுக்குச் சென்றால் வாசலுக்கு நேராக நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ விலகி நிற்பார்கள் என்று அபூதாவூதில் வந்திருக்கிறது. நமது கெமராவையும் வீட்டின் உட்புறத்துக்கு நேராக வைக்காதிருப்போம்.

மூன்றாவது, அறிமுகமில்லாதோரின் அழைப்பை மௌனமாக்குவது. செட்டிங்ஸ் சென்று, பிரைவசி, பின்னர் கோல்ஸ் என்ற பகுதியில் இதைக் காணலாம். 2023 இல் வந்த வசதி. உங்களிடம் பதிவில் இல்லாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காது. ஆனால் அழைப்புப் பட்டியலில் இருக்கும். தேவையானால் பின்னர் நீங்கள் எடுக்கலாம். இரவில் யாரோ அழைத்துத் தொந்தரவு செய்கிறார்கள் என்று வருந்தும் சகோதரிகளுக்கு இது பெரும் நிம்மதி.

"நான்தான், குரல் தெரியவில்லையா?" என்று பேச்சைத் தொடங்கிப் பணம் கேட்கும் ஏமாற்றுக்காரரும் இருக்கிறார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் நபியவர்களின் கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்கப்பட்டபோது "நான்" என்று மட்டும் பதில் சொன்னார்கள். நபியவர்கள் அதனை விரும்பவில்லை. பெயர் சொல்லாதவருக்கு நாமும் கதவு திறக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும், நமது தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. அது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

நான்காவது, திரையைப் பகிர்வது. வீடியோ அழைப்பின் நடுவே நமது தொலைபேசியின் திரையையே மறுமுனைக்குக் காட்டலாம். இணையத்தில் படிவமொன்றை நிரப்பத் தெரியாத மனைவிக்குக் கணவர் வெளிநாட்டிலிருந்தே சொல்லிக் கொடுக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் திரையில் வருவதெல்லாம் அங்கும் தெரியும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் அதில் அடங்கும். குடும்பத்தாருக்கன்றி வேறெவருக்கும் இதைத் திறக்காதீர்கள். உதவி செய்கிறேன் என்று வரும் அந்நியருக்கு ஒருபோதும் வேண்டாம்.

ஐந்தாவது, அழைப்புக்கான இணைப்பு. பெருநாள் தினத்தில் சிதறியிருக்கும் குடும்பம் ஒன்று சேர, ஓர் இணைப்பை உருவாக்கி அனுப்பினால் போதும். 32 பேர் வரை சேரலாம். ஆனால் இணைப்பு கிடைத்த எவரும் உள்ளே வர முயலலாம். ஆகவே அதை ஊர்க் குழுமத்தில் போட வேண்டாம். வீட்டாருக்கு மட்டும் அனுப்புங்கள்.

டேட்டா விரைவாகத் தீர்ந்துவிடுகிறது என்போர், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா என்ற பகுதிக்குச் சென்று, அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தும் வசதியைத் திறந்து வைக்கலாம். ரீலோட் செய்யும் பணம் மிஞ்சும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். றியாதிலும் தோஹாவிலும் நமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. துபாயில் ஒன்றரை மணித்தியாலம். வேலை முடிந்து இரவு 9 மணிக்கு மகன் றியாதிலிருந்து எடுத்தால் இங்கே இரவு 11.30. ஸுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களிலும் வீட்டுப் பிள்ளைகளும் பணியாட்களும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று அதே ஸூராவின் 58 ஆம் வசனம் கற்பிக்கிறது. அத்தகைய நேரங்களில் குரல் பதிவொன்றை அனுப்பிவிடுங்கள். உம்மா எழுந்த பின் கேட்பார். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையெனில் திரும்பிவிடுவது நபிவழி. எடுக்கவில்லை என்று மீண்டும் மீண்டும் அழைப்பதும், பின்னர் கோபிப்பதும் அழகல்ல.

இறுதியாக ஒன்று. வட்ஸ்அப் அழைப்புகள் 2016 முதல் முழுமையாகப் பூட்டப்பட்டே செல்கின்றன. நடுவில் எவரும் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டு வழிக்குத்தான். மறுமுனையில் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் பூட்டில்லை. அங்கே ஒருவர் திரையைப் பதிவு செய்தாலும் நமக்கு அறிவிப்பு வராது. அந்தப் பூட்டு நமது தக்வாவில்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் முகங்கள் நமது கைக்கு வந்த அமானிதம். ஆகவே பலர் தங்கும் அறைகளில் இருக்கும் சகோதரர்களே, வீடியோ எடுப்பதற்கு முன் வெளியே வாருங்கள். முடியாவிட்டால் காதில் ஹெட்போனைப் போட்டு, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொள்ளுங்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இரண்டே விடயங்கள். மகன் முதலில் குரலில் எடுக்கட்டும். நடந்ததை மகளே நானாவிடம் சொல்லட்டும். அடுத்த மாத வகுப்புக்கு வந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்போது மகன் படிக்கட்டில் இருந்துதான் எடுக்கிறார், மௌலவி. 'தனியாக இருக்கிறேன், தங்கச்சியைக் கூப்பிடுங்கள் உம்மா' என்று அவரே சொல்கிறார். அவளும் ஓடி வருகிறாள்."

தூரத்தில் இருக்கும் நம் உறவுகளை அல்லாஹ் நேசத்தால் இணைப்பானாக! நமது இல்லங்களின் மானத்தைக் காப்பானாக! ஆமீன்.