ஓமோன் மருந்தும் நான் எழுதிய தலைப்பும்

2002 ஜூலையில் ஓரிரவு செய்தி மேசையில் அமர்ந்து நான் எழுதிய தலைப்பொன்று இன்னமும் என்னை உறுத்துகிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் உட்கொள்ளும் ஓமோன் மாத்திரையால் மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகரிக்கிறது என்பதே அது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடைபெற்ற ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டிருந்தது. செய்தி பொய்யன்று. ஆனால் அந்த 26 சதவீதம் என்பது ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பெண்களில் மேலதிகமாக 8 பேர் என்பதை நான் எழுதவில்லை. பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பதையும் எழுதவில்லை.

2011இல் கல்முனையில் என் ராத்தா இரவெல்லாம் உடல் தகித்து, வியர்த்து, உறக்கமின்றித் தவித்தார். வைத்தியர் ஓமோன் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். ராத்தா மறுத்துவிட்டார். "நீதானே தம்பி பேப்பர்ல போட்ட, புற்றுநோய் வருமெண்டு" என்றார். என்னிடம் பதிலில்லை.

உடலில் நடப்பது இதுதான். மூளையின் அடியில் பட்டாணியளவில் இருப்பது கபச்சுரப்பி. சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதை நிறுத்தியதும், சூலகத்தைத் தூண்டும் ஓமோன்களைக் கபச்சுரப்பி முன்னரிலும் பன்மடங்கு சுரக்கிறது. திறவாத கதவைத் தட்டிக்கொண்டேயிருப்பது போல. ஈஸ்ட்ரஜனை மருந்தாகக் கொடுத்தால் அந்தத் தட்டல் தணிகிறது. எனினும் இளமைக்கால அளவுக்கு இறங்குவதில்லை. சூலகம் சுரந்த இன்ஹிபின் என்ற மற்றோர் ஓமோன் அம்மருந்தில் இல்லை. ஆகவே இரத்தப் பரிசோதனையில் அந்த எண் உயர்ந்திருப்பதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை. தகிப்புக் குறைந்து உறக்கம் வருகிறதா என்பதே அளவுகோல்.

இன்னொன்று. தைரொக்சின் எடுக்கும் பெண் ஈஸ்ட்ரஜன் மாத்திரையைத் தொடங்கினால், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைக் கபச்சுரப்பி கூடுதலாகச் சுரக்கக்கூடும். தைரொக்சின் அளவைக் கூட்ட நேரிடலாம். தோலில் ஒட்டும் மருந்தில் இச்சிக்கல் பெரும்பாலும் இல்லை. இதனை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் மீதிருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. அதனை "இனிப் பயமில்லை" என்று தலைப்பிட்டால் நான் மீண்டும் தவறிழைத்தவனாவேன். மார்புப் புற்றுநோய் கண்டவர்கள், இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொதுவாகப் பொருந்தாது. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரஜனை மட்டும் தனியே கொடுப்பதும் கூடாது.

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நம் வீடுகளில் இத்தவிப்புக்குக் கிடைக்கும் ஒரே மருந்து, "வயசு போனா அப்படித்தான்" என்ற சொல். நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதைக் கடந்த பெண்களுக்கானவை அவை. எத்தனை கணவன்மார், எத்தனை பிள்ளைகள் தம் வீட்டுப் பெண்களை அங்கே போகச் சொல்லியிருக்கிறோம்?

60 வயதுக்கு முன்னர், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்கினால் நன்மை மிகுதி, ஆபத்துக் குறைவு என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. என் ராத்தாவுக்கு இப்போது 66 வயது. அவருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. உங்கள் வீட்டில் கடந்திராவிட்டால், இன்றே பேசுங்கள்.