நாலு மணி நேரத்துல கத்துக்கிச்சாமே!

இனிமேல் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பேங்க்கில் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாமென்று பார்க்கிறேன். மெஷின் லேர்னிங் ஆராய்ச்சி, அதுவும் சங்கீதத்தில் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தால் போச்சு. ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா ஒருவர் ரசத்துக்கு நடுவே கையை நிறுத்திக் கேட்டார்: “ஏம்ப்பா, செஸ்ஸை நாலே மணி நேரத்துல தானாவே கத்துக்கிச்சாமே! உங்க மெஷினுக்கு ஒரு ராகம் கண்டுபிடிக்க இத்தனை வருஷமா?” ஆனந்தும் குகேஷும் வளர்ந்த ஊர் இது. செஸ் விஷயத்தில் பெரியப்பாக்களிடம் மழுப்ப முடியாது.

நாலு மணி நேரம் என்பது நிஜம்தான். என் வயிற்றெரிச்சலே அதுதான். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் வெளியிட்ட ஆல்ஃபாஸீரோ என்ற ப்ரோகிராம், விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தன்னோடு தானே ஆடி, நாலு மணி நேரத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ப்ரோகிராமைத் தாண்டியது. அப்படி ஆடித் தள்ள 5,000 டிபியு சிப்புகள் ஓடின என்று அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது. அதை எந்தப் பெரியப்பாவும் படிப்பதில்லை. ஒரே ஒரு சிப்பில் ஓட்டியிருந்தால் அந்த நாலு மணி நேரம் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்திருக்கும். எங்கள் ஆபீஸிலோ ஒரு ஜிபியு சிப்பு கிடைப்பது மாசக் கடைசியில் ரேஷன் பாமாயில் கிடைக்கிற மாதிரி. ராத்திரி ஜாபைப் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் “உங்கள் ஜாப் நிறுத்தப்பட்டது” என்று மெயில் வந்திருக்கும். யாருக்கோ டெட்லைனாம். எனக்கு மட்டும் என்ன, தீபாவளி லீவா?

சரி, சிப்பு கிடைத்தாலும் ராகம் வராது என்பதை எப்படி விளக்குவது? செஸ்ஸில் ஜெயித்தோமா தோற்றோமா என்று விதியே சொல்லிவிடும், நடுவர்கூட வேண்டாம். அதனால் இயந்திரம் பாட்டுக்குக் கோடிக்கணக்கில் ஆட்டம் ஆடிப் பழகிக்கொள்ளலாம். ராகத்தில் அந்த வசதி கிடையாது. ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோகணம், அவரோகணம் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் முழுக்க அசைவிலும் நடையிலும்தான். ஆரபி விறுவிறுவென்று நேராக நடக்கும். தேவகாந்தாரி நின்று, குழைந்து, இழைந்துகொண்டு போகும். எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்று மட்டும் கணக்கெடுக்கிற ப்ரோகிராம் இங்கே முழிக்கும். அதற்கும் முன்னால் பாடகரின் ஆதார ஸட்ஜம் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில். தன்னோடு தானே ஆடி இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்ளும்? ‘இப்போது பாடியது தேவகாந்தாரிதானா’ என்று தீர்ப்பு சொல்ல யார் இருக்கிறார்கள்? சபாவில் பக்கத்து சீட் மாமா இருக்கிறார். அவரே மடியில் வைத்த ராகப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் தலையாட்டுகிறார்.

கச்சேரிக்குப் போனாலும் நிம்மதி இல்லை. ஆலாபனை ஆரம்பித்ததும் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். என் மண்டைக்குள் சுருதி வரைபடம் ஓடுகிறது. வயலின் குறுக்கே வந்ததும் ‘ஐயோ, பாட்டின் கோடு இங்கே அறுந்துபோகுமே’ என்று பதறுகிறேன்.

இத்தனைக்கும் விளையாட்டில்கூட ஸ்கோரை நம்பிக் கெட்ட கதை எங்கள் துறையில் உண்டு. 2016-ல் ஓபன்ஏஐ ஆட்கள் கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய விளையாட்டை ஒரு ப்ரோகிராமுக்குப் பழக்கினார்கள். அது பந்தயத்தையே முடிக்கவில்லை. ஒரு மூலையில் திரும்பத் திரும்ப முளைக்கிற இலக்குகளை இடித்துக்கொண்டு வட்டமடித்தது, மற்ற படகுகள் மேல் மோதியது, தீப்பிடித்து எரிந்தது. ஸ்கோர் மட்டும் மனிதர்கள் எடுப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூட. படகு செய்ததில் தப்பே இல்லை. ஸ்கோர் கேட்டார்கள், கொடுத்தது.

நாங்களும் அதே படகைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு இன்டர்ன் பையன் ஓடி வந்தான்: “அண்ணா, ராகம் தொண்ணூறு பர்சென்ட்டுக்கு மேல கரெக்டா சொல்லுது!” கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டேட்டாவைத் திறந்து பார்த்தால், ஒரே கச்சேரியைத் துண்டு துண்டாக நறுக்கி, பாதியைப் பாடம் சொல்லவும் மீதியைப் பரீட்சை வைக்கவும் போட்டிருக்கிறான். அந்தத் தம்பூரா, அந்த மைக், அந்த ஹால் எதிரொலி எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. ராகத்துக்கு அதில் என்ன வேலை? பாடகர் வாரியாகப் பிரித்து ஓட்டினோம். எண் சடாரென்று விழுந்தது. அவன் முகமும்தான். மேலே இருப்பவரிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பழைய நம்பரையே ஸ்லைடுல போடலாமில்ல?”

நம்பர்! ஒரே முறையை, ஒரே அமைப்பில், சீடை (தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மட்டும் மாற்றிப் பத்து தடவை ஓட்டி, ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சராசரி எடுத்தால், இரண்டு வேறு முறைகள்போல் விடை வரலாம் என்று ஹெண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2018-லேயே காட்டிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே சீடை 42 என்று போட்டுவிட்டு, அரை சதவீத முன்னேற்றத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறது உலகம்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. அனுப்பிய கட்டுரைக்கு ரெவ்யூ வந்திருக்கிறது. பாடகர் வாரியாகப் பிரித்ததைப் பற்றி, ஆரபி தேவகாந்தாரி குழப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. “ஜிடிசானில் ஏன் சோதிக்கவில்லை?” என்று மட்டும் ரெவ்யூ எழுதியவர் கேட்டிருக்கிறார். 2002-லிருந்து புழங்குகிற தொகுப்பு அது: பத்து வகை இசை, 30 விநாடித் துண்டுகள் ஆயிரம். கர்நாடக சங்கீதம் மருந்துக்கும் இல்லை. ஒரே துண்டு திரும்ப வருவதும், லேபிள் மாறிக் கிடப்பதும், ஒலி கெட்டுப்போயிருப்பதுமாக அதில் என்னென்ன ஓட்டை என்று பாப் ஸ்டர்ம் 2013-ல் பட்டியலே போட்டுவிட்டார். இதையெல்லாம் விளக்கி ஒரு பக்கம் பதில் எழுதினேன். படித்துப் பார்த்த சீனியர், “எதுக்குப்பா வம்பு, ஓட்டிடேன்” என்றார். ஜாப் போட்டிருக்கிறேன், க்யூவில் நிற்கிறது.