மழைத் தவணை

மேல்நாட்டுக் குடும்பப் பத்திரிகைகளைப் புரட்டும் வழக்கமுள்ள நேயர்கள், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இலையுதிர் காலப் பாடசாலைச் செய்திகள் என்று ஒரு பகுதி அவற்றில் தவறாது இடம்பெறுவதைக் கண்டிருப்பார்கள். அங்கே மரங்கள் செம்பொன் நிறங்கொள்ளும். சிறார் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஏட்டில் ஒட்டி மகிழ்வர். நமுனுகுல மலைச்சாரலில் வாழும் நம் சிறாருக்கு அத்தகைய பருவம் ஒன்றில்லை. தேயிலை ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். ஆடி, ஆவணியில் வீசிய வறண்ட காற்று ஓய்ந்து, புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் பிற்பகல் மலையின் தலை கறுக்கும், இடி முழங்கும், பாடசாலைத் தகரக் கூரையில் மழை விழும் ஓசையில் ஆசிரியரின் குரல் அடங்கிப்போகும். நம் மூன்றாந் தவணைக்கு அதுவே கட்டியம்.

நமுனுகுல என்னும் சிங்களப் பெயர் ஒன்பது சிகரங்களைக் குறிப்பது. 6,680 அடி உயரமுள்ள அம்மலையின் சரிவுகளில், பதுளைப் பக்கமும் பசறைப் பக்கமும் எல்லப் பக்கமுமாகத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஹற்றன், டிக்கோயாப் பகுதிப் பிள்ளைகள் தென்மேற்குப் பருவ மழையில் வைகாசி, ஆனி மாதங்களில் நனைகின்றனர். அப்போது நமக்கு வெயில். நமக்குரிய பெருமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு மழை ஆண்டின் நடுவில் வந்து போய்விடுகிறது; பாடம் தவறினாலும் ஈடுசெய்யக் காலமிருக்கிறது. ஊவாப் பிள்ளைக்கோ மழையும் ஆண்டிறுதிப் பரீட்சையும் சேர்ந்தே வருகின்றன. ஜனவரியில் தொடங்கிய கல்வியாண்டின் கணக்கு முடிக்கப்படும் மாதங்களும், மலைப்பாதை வழுக்கும் மாதங்களும் ஒன்றே.

கொண்டாட்டங்களுக்கும் இத்தவணையில் குறைவில்லை. ஒக்டோபர் 1ஆந் திகதி சிறுவர் தினம். 6ஆந் திகதி ஆசிரியர் தினம். அவற்றை ஒட்டியே நவராத்திரியும் வாணி விழாவும் வந்துவிடும். தோட்டப் பாடசாலையில் வாணி விழா என்றால் அது லயத்து விழாவும் ஆகும். ஒரு வீட்டார் அவல் தருவர். இன்னொரு வீட்டார் கடலை அவித்துக் கொடுப்பர். பிள்ளைகள் லயத்து முற்றங்களிலிருந்து செவ்வந்தியும் செவ்வரத்தையும் கொய்துவருவர். விஜயதசமியன்று, அடுத்த ஆண்டு சேரவிருக்கும் குழந்தைகளின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் அகரம் எழுதுவிப்பதும் உண்டு. பின்னர் தீபாவளி; தவணைக் கடைசியில், கிறிஸ்தவப் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளில் ஒளி விழா. தீபாவளிக்கு முன்னும் பின்னும் வரவு இடாப்பில் வெற்றிடங்கள் மிகுவதை ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். உறவினரைக் காணப் போன குடும்பம் திரும்ப நாலு நாளாகிறது. இதற்காகத் தாய்தந்தையரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆண்டெல்லாம் கொழுந்து பறித்த கைகளுக்கு ஓய்வு அந்த நாலு நாளில்தான் கிடைக்கிறது.

தாய்மார்க்கு இடையில் ஒரு சிறு ஞாபகம். சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆந் திகதிக்குள் ஐந்து வயது நிறைவெய்தும் குழந்தை முதலாந் தரத்துக்கு உரியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கையிலில்லாதவர்கள் அதை முன்கூட்டியே எடுத்துவைத்தல் நன்று. பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைவதில் ஒரு நாட் சம்பளமும் போய்விடும்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டுதோறும் ஒரே திகதியில் நடப்பதில்லை. 2024இல் செப்டெம்பர் 15ஆந் திகதியும், 2025இல் ஓகஸ்ட் 10ஆந் திகதியும் நடைபெற்றது. ஆகவே மழை தொடங்கும்போது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் பரீட்சையை முடித்தவர்களாக இருப்பர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவனை ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடும். தாண்டாதவன் மூலையில் நிற்பான். அப்பரீட்சை பெரிய பாடசாலைகளில் இடம் பெறவும், வறிய பிள்ளைக்குப் பணவுதவி கிடைக்கவும் ஏற்பட்டது. பத்து வயதுச் சிறுவனின் தலையெழுத்தை அது எழுதிவிடுவதாக எண்ணி, அவனைத் தவணையின் மிஞ்சிய நாட்களில் பாடசாலைக்கு அனுப்பாமலே விட்டுவிடும் பெற்றோர் இருக்கின்றனர். இது பெருந்தவறு.

ஆனால் இவ்வாரம் நான் முக்கியமாக எழுத எண்ணியது ஒரு போத்தலைப் பற்றி.

எல்லவிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையில் நமுனுகுலவைக் கடந்து, ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒரு மழைநாளில் போயிருந்தேன். வகுப்புகள் அனைத்தும் ஒரே மண்டபத்தில் நடந்தன; கரும்பலகைகளே இடைச்சுவர். முற்றத்தின் நடுவில், தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் எட்டத்தில், தடியொன்றோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் போத்தல் கட்டப்பட்டிருந்தது. குளிர்பானம் வரும் சாதாரணப் போத்தல்தான். அதன் கழுத்துப் பகுதியை வெட்டியெடுத்து, புனல்போலத் தலைகீழாக அதன்மேலேயே வைத்திருந்தனர். போத்தலின் அடி வளைந்திருப்பதால் அளவு பிழைக்கும். எனவே வளைவு மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு, அந்த நீர்மட்டத்தில் பூச்சியம் என்று கோடிழுத்திருந்தனர். அதற்குமேல் ஓர் அடிமட்டத்தைப் பார்த்துக் கீறிய மில்லிமீற்றர்க் கோடுகள். செலவு ஏதுமில்லை.

காலை எட்டரை மணிக்கு நான்காந் தரத்துச் சிறுமி ஒருத்தி குடையோடு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். "இருபத்தெட்டு, சேர்!" என்று கூவினாள். மேலதிக நீரைப் பூச்சியக் கோடுவரை ஊற்றிவிட்டு வந்து, சுவரிலிருந்த தாளில் திகதியையும் எண்ணையும் எழுதினாள். இருபத்தெட்டு மில்லிமீற்றர் என்றால் என்ன? ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமுள்ள நிலத்தில் 28 லீற்றர் தண்ணீர் விழுந்தது என்பது பொருள். ஏறத்தாழ மூன்று வாளி. லயத்துக் கூரைமேல் எத்தனை வாளி விழுந்திருக்கும் என்று ஐந்தாந் தரத்தார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர். மூன்றாந் தரத்தார் அந்த வாரத்து எண்களைக் கூட்டினர். முதலாந் தரத்தார் மேகம் வரைந்தனர். ஒரே போத்தலில் அத்தனை வகுப்புக்கும் பாடம்!

இது வெறும் விளையாட்டாகத் தோன்றலாம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதியை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. அன்று காலை ஏழரை மணியளவில், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர்; திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருந்த இடமும் தெரியவில்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போய்க் குடியேற வேறு வீடில்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். உயிர் தப்பியோர்க்குப் பாடசாலைக் கட்டடங்களே தங்குமிடமாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் மலைநாடும் பதுளை மாவட்டமும் பட்ட துயரத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நேயர்கள் பலர் அதை நேரிலேயே கண்டவர்கள்.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கு மூன்று படிகள் வகுத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150ஐக் கடந்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, அபாயச் சரிவிலுள்ளோர் உடனே வெளியேற வேண்டும். பல நாள் மழையில் நிலம் ஊறிக் கிடக்குமாயின் இதற்குக் குறைந்த மழையும் பொல்லாததே. எண்ணோடு கண்ணும் வேண்டும். சுவரிலோ முற்றத்திலோ புதிதாய் வெடிப்புக் காணுதல், மரமும் கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பிக் கலங்கல் நீர் வருதல், இருந்த ஊற்றுத் திடீரென வற்றுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஊற்று வற்றுவதைக் கண்டு மழை குறைந்ததென்று மகிழ்ந்துவிடக் கூடாது. அடியில் மண் அசைந்து நீரின் வழி மாறியிருக்கலாம்.

வாசலில் நின்ற தாயொருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். "மழை வந்தா புள்ளைய அனுப்ப மனசு வருதுங்களா ஐயா? அனுப்பலேன்னா மாஸ்டர் கோவிச்சுக்கிறாரு. அனுப்பிட்டா மலையில நிக்கிறப்ப நெஞ்சு அடிச்சுக்குது" என்றாள். இவள் சொன்னதில் இத்தவணையின் முழுக் கஷ்டமும் அடங்கியிருக்கிறது. காலையில் பிரட்டுக்குப் போகவேண்டிய தாய், விடியுமுன் ரொட்டி தட்டி வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துத் தானே தீர்ப்புச் சொல்லவேண்டியிருக்கிறது.

முன்னாளில் இத்தீர்ப்புக்கே இடமிருக்கவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தல் துரையின் கடமை என்றது. பத்து வயதுக்குக் குறைந்தவர்களைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு வைக்கலாகாது என்றும் விதித்தது. பத்து மணிக்குப் பின் என்ன என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பின் தோட்டப் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்த பிறகே ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற நிலை மெல்ல மாறத் தொடங்கிற்று. இன்று 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது; லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை பல தோட்டங்களில் அப்படியே கிடக்கிறது.

ஆகவே தாய்மார்க்கு என் கருத்து இது. சாதாரண மழைக்குப் பிள்ளையை நிறுத்தவேண்டாம். ஐப்பசியில் வாரம் இரண்டு நாள் நின்ற பிள்ளை டிசம்பரில் பரீட்சைத் தாளைப் பார்த்து விழிக்கும். அதிலும் பெருக்கல், வகுத்தல் படிக்கும் மூன்றாம், நான்காந் தரங்களில் ஒரு வாரம் விட்டால் பிடிப்பது கடினம். இரவெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தால், அல்லது வானொலியில் உங்கள் பிரிவுக்கு எச்சரிக்கை சொல்லியிருந்தால், போத்தல் என்ன சொன்னாலும் பிள்ளையை அனுப்பவேண்டாம். வீடு சரிவின் கீழிருந்தால் நீங்களும் அங்கே இருக்கவேண்டாம். இடைப்பட்ட நாட்களில் லயத்துப் பெரிய பிள்ளைகளோடு கூட்டமாக அனுப்புங்கள். ஓடை பெருகியிருந்தால் நடுவில் இறங்காமல் திரும்பிவிடச் சொல்லுங்கள். அட்டைக்கு அஞ்சும் பிள்ளையின் காலில் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துவிட்டால் போதும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிப் புத்தகப்பையில் வைப்பதும் உபகாரமாகும்.

மாலையில் பிள்ளை வந்ததும் "இன்றைக்கு எத்தனை?" என்று கேளுங்கள். அந்தப் பாடசாலைத் தாய்மார் இப்போது அப்படித்தான் கேட்கிறார்களாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோக் கணக்கோடு மழைக் கணக்கும் பேசப்படுகிறதென்று ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பாடசாலை விடும் நேரத்தில் மறுபடியும் தூறத் தொடங்கியது. காலையில் எண் பார்த்த சிறுமி, வரிசையை விட்டு ஓடிப்போய், புனலில் விழுந்து வாயை அடைத்திருந்த சவுக்குச் சருகை எடுத்தெறிந்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு மேட்டில் ஏறினாள்.