முகாம் கலைந்த மறுநாள் நோயாளிக்கு யார்?

நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி வெளிநாட்டு உறவுகள் ஊர் திரும்புகின்றன. லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று பல நகரங்களில் தொழில் பார்க்கும் வைத்தியர்களும் தாதியரும் மருத்துவ மாணவர்களும் அவர்களோடு வருகிறார்கள். கிடைக்கும் விடுமுறையில் ஒரு பகுதியை ஒதுக்கி, சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ இலவச மருத்துவ முகாம் நடத்துகிறார்கள். சொந்தச் செலவில் வந்து, வெயிலில் நின்று பணி செய்யும் இவர்களுக்கு இந்த மண் நன்றி உடையது.

ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இனி நடக்கும் இலவச மருத்துவ முகாம் ஒவ்வொன்றும் அந்தந்தப் பகுதியின் அரச வைத்தியசாலையோடு இணைந்தே நடக்க வேண்டும். தனித்து நடக்கும் ஒருநாள் முகாம்களைக் கைவிடும் காலம் வந்துவிட்டது.

காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. இன்று எம்மவரை வருத்துபவை நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய். இவை ஒருநாள் மருந்துக்கு அடங்குபவை அல்ல. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய், அளந்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து, ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டியவை.

முகாம் வரிசையில் நிற்கும் ஒரு வயோதிபத் தாயை எண்ணிப் பாருங்கள். “நாரி உழையுது, கால் விறைக்குது தம்பி” என்கிறார். அவரைப் பார்க்கும், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இளம் வைத்தியருக்கு நாரி என்ற சொல்லே புதிது. முதுகுவலி என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லிக்கொடுக்க, பூசுமருந்து கிடைக்கிறது. நீரிழிவால் நரம்பு கெடுவதன் அறிகுறியாக இருக்கக்கூடிய கால்விறைப்பு கேட்பாரற்றுப் போகிறது. சீனியைக் குத்திப் பார்க்கும்போது கூடுதலாக இருக்க, வெளிநாட்டுப் பெட்டியில் குளிசையும் கொடுக்கப்படுகிறது. பெட்டியில் இருப்பது நிறுவனம் இட்ட பெயர். உள்ளே இருப்பதோ, அரச வைத்தியசாலை ஏற்கெனவே அவருக்குத் தரும் அதே கிளிக்லசைட் என்ற சீனி குறைக்கும் மருந்து. அம்மா இரண்டையும் போடுகிறார். சீனி மளமளவென்று இறங்கி, யாருமற்ற வீட்டில் அவர் மயங்கி விழ இது போதும். அவருடைய கிளினிக் கொப்பியை ஒருவர் வாங்கிப் படித்திருந்தால் இந்த ஆபத்தே இல்லை.

வெளியிலிருந்து வந்து இங்கே பணி செய்வது எப்படி என்பதற்கு எமக்குச் சொந்த முன்மாதிரி உண்டு. 1847 இல் அமெரிக்காவில் இருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலையை நிறுவியதோடு நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். 1864 முதல் அந்தக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். தம் மாணவர்களின் துணையோடு ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1873 இல் அவர் நாடு திரும்பியபோது, 60க்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்று உருவாகியிருந்தனர். அவர் மதப் பணிக்காகவும் வந்தவர் என்பது வேறு விடயம். தாம் போன பிறகும் நோயாளியைப் பார்க்க ஆள் இருக்கும்படி செய்துவிட்டுப் போனார் என்பதே இன்றைய தொண்டர்களுக்கான பாடம்.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2011 இல் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை பலர் 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய பணம், தெல்லிப்பழை அரச வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவாக எழுந்து நிற்கிறது. அரச சேவைக்குள் சேர்ந்த கொடை என்பதால் அது தொடர்ந்து பயன் தருகிறது.

ஆகவே வரும் தொண்டர்களிடம் நான்கு விடயங்களைக் கேட்கிறோம். முதலாவது, வைத்தியர்கள் இலங்கை மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவை முன்கூட்டியே பெறட்டும். மாணவர்கள் மேற்பார்வை இல்லாமல் நோயாளியைத் தொட வேண்டாம். இரண்டாவது, பார்த்ததையும் கொடுத்ததையும் நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே எழுதுங்கள். மூன்றாவது, வைத்தியசாலை கேட்ட மருந்தையே கொண்டுவாருங்கள். நன்கொடை மருந்து நாட்டுக்குள் வரும்போது காலாவதியாகக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நான்காவது, ஒரு வைத்தியசாலையைத் தெரிவுசெய்து ஆண்டுதோறும் அங்கேயே திரும்பி வாருங்கள். ஒரு தாதிக்கு நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப்போடும் புதிய முறையைப் பழக்கினால், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தக் கை வேலை செய்யும்.

இப்படிச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். அரச அலுவலகங்களில் அனுமதிக்கு அலைந்தே விடுமுறை போய்விடும் என்பது ஒன்று. இது நியாயமான முறைப்பாடு. தீர்க்க வேண்டியது அரசு. பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் தொண்டர்களுக்கென ஒரு பொறுப்பதிகாரியை நியமித்து, எந்த வைத்தியசாலைக்கு எந்தத் துறையில் எந்த மாதத்தில் ஆள் தேவை என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். பதிவு விண்ணப்பத்தையும் அந்தப் பணிமனையே முன்னின்று நகர்த்த வேண்டும்.

அரச வைத்தியசாலை எட்டாத இடங்களுக்கு முகாம்தானே போகிறது என்பது மற்றது. நெடுந்தீவைப் பாருங்கள். குறிகட்டுவானில் இருந்து படகேறிப் போக வேண்டிய அத்தீவிலும் அரச வைத்தியசாலை இருக்கிறது. அங்கே குறைவாக இருப்பவர்கள் வைத்தியர்களும் தாதியரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டு வைத்தியர்கள் வெளியேறியதில் இந்தக் குறை இன்னும் கூடியது. வரும் தொண்டர் அந்த வைத்தியசாலையிலேயே இரு கிழமை தங்கிப் பணி செய்யட்டும். இறங்குதுறையில் பந்தல் போட்டு ஒருநாள் பார்ப்பதைவிட அது பன்மடங்கு பயன் தரும்.

ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கோடும் மாலை மரியாதைப் படங்களோடும் முகாம் அறிக்கையை முடிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேரின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்று வைத்தியசாலையிடம் கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கைக் காட்ட முடியாத முகாமுக்கு அடுத்த ஆண்டு நிதி சேர்க்காதீர்கள்.