பாவடியும் பள்ளிப் பிள்ளைகளும்

சங்கங்களின் ஐந்தொகையைப் பார்வையிடுவது நமது அன்றாடத் தொழில். நூல் இருப்பு எவ்வளவு, துணி இருப்பு எவ்வளவு, பயிர்க்கடனில் தவணை தவறியது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, இரு பக்கமும் ஒத்து நிற்கக் கண்டால் கையொப்பமிட்டு எழுந்துவிடுகிறோம். அந்த ஏடுகள் எதிலும் இடம் பெறாத ஒரு விஷயத்தைப் பற்றி இம்மாதம் அங்கத்தினர்களிடம் பேச விரும்புகிறோம். அதைப் பற்றி எழுத நமக்குள்ள தகுதி, அதில் நாமே ஒரு பிழை செய்தோம் என்பதேயாகும்.

ஊரின் பெயரைக் கூற வேண்டுவதில்லை. நெசவும் வேளாண்மையும் அடுத்தடுத்து நடைபெறும் ஊர். அங்குள்ள கைத்தறி நெசவாளர் சங்கத்திற்கு 40 சென்ட் பரப்புள்ள பாவடி ஒன்று சொந்தமாக உண்டு. பாவடி இன்னதென்று நெசவாள அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. விவசாய அன்பர்களின் பொருட்டுச் சொல்லுவோம். தறியில் ஏற்றுமுன் பாவு நூலை நீள விரித்துக் கட்டி, கஞ்சியிட்டு, தூரிகையால் நீவி உலர்த்தும் பொது வெளி அது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலையாதலால் விடியற்காலையில் ஆள் நடமாட்டமும் பேச்சும் நிறைந்திருக்கும். ஒன்பது மணிக்குள் இடம் ஒழிந்துவிடும். அதன் பின் அந்தி சாயும் வரை அது பிள்ளைகளுடைய உடைமை. பாட்டன் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. இதற்கென்று தீர்மானம் எதுவும் எழுதப்பட்டதில்லை. எழுதத் தேவையும் நேர்ந்ததில்லை. இப்பொழுது கஞ்சியிட்ட பாவே ஆலைகளிலிருந்து உருளைகளில் வந்துவிடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டபடியால், பாவடிகள் பல காலையிலும் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

நாம் குறிப்பிடும் பாவடியின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்புகள். பள்ளியினுள் இருக்கும் முற்றம், பிள்ளைகள் வரிசையில் நின்று காலை வணக்கம் பாடப் போதுமானது, ஓடப் போதாது. எனவே சுவரில் ஒரு சிறிய இரும்புக் கதவு வைத்து, அதன் வழியே பிள்ளைகளைப் பாவடிக்கு அழைத்துச் சென்று விளையாட விடுவது நெடுநாளைய வழக்கம்.

பாவடியின் ஓரத்தில் ஒரு பழங்கிணறு உண்டு. முன்பு கஞ்சிக்கு நீர் இறைத்த கிணறு. அதன் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன்பு சங்கக் காரியதரிசி அதைச் செப்பனிட ஒரு சிறு தொகைக்கு மதிப்பீடு தயாரித்து நம் முன் வைத்தார். நாம் என்ன செய்தோம்? “உபயோகத்தில் இல்லாத கிணற்றுக்கு இப்போது செலவு அவசியமன்று, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். சங்கம் அப்போது நஷ்டத்தில் இருந்தது. விதிமுறைப்படி நமது குறிப்பு சரியானதே. விதிமுறைப்படி சரியான அக்குறிப்பை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நாமே எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுதினோம்.

சென்ற ஐப்பசியில் மழை கொட்டிக் கிணறு நிரம்பி நின்ற ஒரு பிற்பகலில், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பந்தைத் துரத்தி ஓடி அதில் விழுந்துவிட்டான். அருகில் சாயம் தோய்த்த நூலை உதறிக் கொண்டிருந்த நெசவாளர் ஒருவர், வேட்டியோடு குதித்துப் பிள்ளையைத் தூக்கினார். அவர் நீந்தத் தெரிந்தவர், பிள்ளை பிழைத்தான். ஊரில் அன்று பேசப்பட்டதெல்லாம் அவருடைய துணிவைப் பற்றித்தான். சரிந்த சுவரைப் பற்றி ஒருவரும் சங்கத்திடம் கேட்கவில்லை, நம்மிடமும் கேட்கவில்லை.

மறுநாள் இரும்புக் கதவுக்குப் பூட்டு வந்தது. பள்ளி விட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டினுள் அழைத்து உட்கார வைத்தனர். பாவடியில் எருக்கும் நெருஞ்சியும் வளர்ந்தன. இவ்வாண்டு ஆய்வுக்குச் சென்ற நாம், அவை வளர்ந்த காரணம் யாதென வினவாமலே, “சங்கத்தின் 40 சென்ட் நிலம் பயனின்றிக் கிடக்கிறது, வருவாய் ஈட்டும் வகை குறித்து நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம்” என்று எழுதி வைத்தோம். குழுவும் ஆலோசித்தது. எட்டுக் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவதென்ற தீர்மானம் இப்போது பொதுச்சபைக்கு வரவிருக்கிறது.

இத்தனையும் நமக்குத் தெரிய வந்தது பள்ளித் தலைமையாசிரியை சங்க அலுவலகத்துக்கு வந்து பேசியபோதுதான். அவர் சினந்து பேசவில்லை. “ஐயா, கதவைப் பூட்டியது கிணற்றுக்கு அஞ்சி. கிணற்றை மூடிக் கொடுத்தால் அன்றைக்கே பூட்டைத் திறந்துவிடுவேன். கடைகளைக் கட்டிவிட்டால் எதைத் திறப்பது?” என்றார். நம்மிடம் விடை இல்லை.

பள்ளிக்கூடத்துப் பாதுகாப்பைப் பற்றி நம் நாட்டார் பெரிதும் விழிப்புற்றது, 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் கூரைப் பள்ளி தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்ட பின்னரே. அதன் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. சமையற்கூடங்கள் வகுப்பறைகளிலிருந்து விலக்கப்பட்டன. இவை வேண்டிய செயல்களே. ஆனால் பிள்ளை பள்ளியில் இருப்பது நாளில் ஏழு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவன் இருப்பது நமது வீடு, நமது தெரு, நமது வயல், நமது சங்கத்தின் புறம்போக்கு. அவற்றுக்கு எந்த அதிகாரி வந்து சான்றிதழ் கொடுப்பார்?

நெசவாளர் வீட்டையே எடுத்துக் கொள்வோம். சாயத்துக்கு வாங்கிய காஸ்டிக் சோடாக் கரைசலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றித் தறியருகே வைப்பதை நாம் ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில் கண்டிருக்கிறோம். தாகத்தோடு ஓடி வரும் குழந்தை புட்டியைப் பார்க்குமா, உள்ளே இருப்பதைப் பார்க்குமா? விவசாயி வீட்டில் பூச்சிமருந்து இறவாணத்தில் செருகப்பட்டிருக்கும். காலியான டப்பா கழுவப்பட்டுத் தண்ணீர் மொள்ளப் பயன்படும். கழுவினாலும் அந்த டப்பா டப்பாதான். அதை உடைத்துப் போடுவதே முறை. மருந்துக்கென்று பூட்டுள்ள ஒரு தகரப் பெட்டி பெரிய செலவாகாது.

ஆழ்குழாய்க் கிணறுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மணப்பாறைக்கு அருகே கைவிடப்பட்ட குழாய்க் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகத் தமிழ்நாடே நான்கு நாட்கள் உறங்காதிருந்தது. குழந்தை உயிருடன் கிட்டவில்லை. துளையிடும் போது வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும், குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டி வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், நீரற்றுப் போனதை அடியிலிருந்து மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்திருந்தது. விதி இருந்தது, மூடி இல்லை. நம் அங்கத்தினர்களுள் எத்தனை பேருடைய வரப்போரத்தில் சாக்குப் பை செருகிய குழாய்கள் நிற்கின்றன என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இவ்வளவு ஆபத்து இருக்கையில் பிள்ளைகளை வீட்டினுள் வைப்பதே நல்லதன்றோ என்று சிலர் கேட்கலாம். கதவு பூட்டிய பின் அவ்வூரில் நடந்ததைச் சொன்னால் அதுவே மறுமொழியாகும். பெண் பிள்ளைகள் உண்மையாகவே வீட்டில் தங்கினர். சிலர் கையில் தார் சுற்றும் இராட்டை, சிலர் கையில் கைபேசி. ஆண் பிள்ளைகள் ஒரு வாரம் தங்கினர். பின்னர் மட்டையைத் தூக்கிக் கொண்டு லாரி ஓடும் நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினர். பாவடியில் விளையாடிய காலத்தில் திண்ணையில் அமர்ந்திருந்த கிழவர் முதல் நூல் உலர்த்தும் பெண்டிர் வரை இருபது கண்கள் அவர்களைப் பார்த்துக் கொண்டிருந்தன. ஏரிக்கரையில் பார்ப்பார் யாருமில்லை. தீய எண்ணமுடைய ஒருவன் பிள்ளையை அணுகுவதற்கும் அத்தகைய இடமே வாய்ப்பானது. ஆகவே பூட்டு, ஆண் பிள்ளைகளை மேலும் ஆபத்தான இடத்துக்கு அனுப்பியது. பெண் பிள்ளைகளின் கால்களைக் கட்டிப் போட்டது.

5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைச் சொல்ல அவ்வளவு பெரிய நிறுவனம் தேவையா என்று நமது நெசவாளப் பெரியவர்கள் நகைக்கக் கூடும். குழித்தறியில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவரின் முதுகையும் முழங்காலையும் கேட்டால் அதைவிடத் தெளிவாகச் சொல்லும். உட்கார்ந்தே உழைக்கும் தொழிலுக்கு நாளை வரப் போகும் உடம்பு, பத்து வயதிலாவது ஓடியிருக்க வேண்டாமா? பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. அதை மறுக்க வரவில்லை. வறுமையின் கணக்கை நாம் அறிவோம். ஆயினும் நாலரை மணி முதல் ஆறு மணி வரையுள்ள பொழுதைத் தறிக்குக் கேளாதீர்கள் என்று பெற்றோரை வேண்டுகிறோம். தார் இரவிலும் சுற்றலாம். சடுகுடு இரவில் ஆட முடியாது. (கிட்டிப்புள்ளை மட்டும் நாம் பரிந்துரைக்கவில்லை. அதனால் கண்ணிழந்த ஒரு பள்ளித் தோழன் நமக்கு உண்டு.)

நீச்சலும் அப்படியே. முன்பெல்லாம் சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக் கிணற்றில் இறக்கி, மாமனோ சித்தப்பனோ படியில் நின்று பார்த்துக் கொள்ள, பிள்ளைகள் நீந்தக் கற்றனர். இன்று கிணறுகள் இருக்கின்றன, பண்ணைக் குட்டைகள் புதிதாக வந்திருக்கின்றன, நீச்சல் மட்டும் போய்விட்டது. 5 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கு உலகெங்கும் முன்னிற்கும் காரணங்களுள் நீரில் மூழ்குவதும் ஒன்று. கோடை விடுமுறையில், படிக்கட்டும் தெளிந்த நீரும் உள்ள ஒரு கிணற்றைத் தெரிந்தெடுத்து, நீந்தத் தெரிந்த இரு பெரியவர் முன்னிலையில், ஆணுக்கும் பெண்ணுக்கும் கற்பிப்பதை நமது வேளாண் சங்கங்கள் ஏன் ஏற்றுச் செய்யக் கூடாது?

இது சங்கத்தின் வேலையா என்ற கேள்வி எழும். நிர்வாகக் குழுவில் எழுந்தும் விட்டது. 1844ஆம் ஆண்டில் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை தொடங்கிய கதையை யாவரும் அறிவோம். அவர்களுள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் விற்ற அவர்களே பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு மாநாடு, சமுதாயத்தின்பால் அக்கறை என்பதை ஏழாவது கொள்கையாகச் சேர்த்தது. அயலூர் வரை போவானேன்? 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், நாற்காலி முதல் நிலம் வரை ஊரார் தம் கையாலேயே பள்ளிகளுக்குக் கொடுத்தனர். இன்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடமும் சுற்றுச்சுவரும் வேண்டுமென்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதி பெண்டிரும் இருக்க வேண்டுமென்கிறது. நாம் பேசும் ஊரில் அக்குழுவின் அங்கத்தினர்களும் சங்கத்தின் அங்கத்தினர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தாரே. இரண்டு குழுக்களும் ஒரு நாள் ஒரு பாயில் அமர்ந்து பேசியதில்லை என்பதுதான் வியப்பு.

கடையே வேண்டாமென்று சொல்லிவிட நாம் துணியோம். நெய்கூலி நிலுவையில் நிற்கும் சங்கத்துக்கு வாடகை வருவாய் அற்பமன்று. சாலை முகப்பில் மூன்று கடைகளுக்கு இடமுண்டு, அவற்றைக் கட்டலாம். எஞ்சிய இடத்தைப் பிள்ளைகளுக்கென்று, இம்முறை தீர்மானமாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது நமது கருத்து. எழுதாமல் இருந்த உரிமை எவ்வளவு எளிதில் “பயனற்ற நிலம்” ஆகிவிடுகிறது என்பதைக் காட்டியவர் நாமே ஆகையால் இதைச் சொல்கிறோம்.

நமது பழைய குறிப்பை விலக்கி, கிணற்று மதிப்பீட்டுக்கு இசைவு எழுதி அனுப்பிவிட்டோம். சுவரைக் கட்டி மேலே இரும்பு வலை போட்டு மூட உள்ளூர்க் கொல்லரும் கொத்தனாரும் சொன்ன தொகை, சென்ற பொதுச்சபைக்குக் காரமும் காபியும் வாங்கிய செலவைவிடச் சற்றே அதிகம். அந்தச் சபையுங்கூடக் கோரமின்றி ஒரு முறை ஒத்திவைக்கப்பட்டது. கடைகளைப் பற்றிய தீர்மானம் இம்முறை நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. காபி வழங்கப்படுவது ஐந்தாவது தீர்மானத்துக்குப் பின். அங்கத்தினர்கள், அவருள்ளும் தாய்மார்களாகிய அங்கத்தினர்கள், அதற்கு மேலும் இருந்துவிட்டுப் போகும்படி வேண்டுகிறோம்.