வெண்பாவை ஒத்திவைத்துக் கதை எழுதுக!

தோழியார் அவர்களே!

ஞாயிறுதோறும் நமது எழுத்து வகுப்பிலே தாங்கள் படித்துக் காட்டும் வெண்பாக்களில் தளை தட்டியதை யாம் ஒருநாளும் கண்டதில்லை. ஆயினும், நிலவும் தாமரையும் தென்றலுமே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. தேநீர் வேளையிலோ, பால்மரம் வெட்டிய தங்கள் பாட்டியார் சொன்னவற்றைத் தாங்கள் வாய்மொழியாகக் கூறுங்கால், வகுப்பு முழுவதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கின்றது. விடியுமுன் நடந்த பெரட்டு, ஆயாக் கொட்டகையிலே விட்டுவந்த பிள்ளையின் அழுகை, தண்டலின் அதட்டல் இவையெல்லாம் தங்கள் ஏட்டில் ஏறாததேன்?

"பெண்களுக்குப் பாட்டே அழகு, கதை சந்தைச் சரக்கு" என்று வகுப்பிலுள்ள புலவர் சிலர் ஓதுகின்றனர். என்னே இவர்தம் மதி! பாரதியார் கதை எழுதவில்லையா? பாரதிதாசனார் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகம் எழுதவில்லையா? ஆணுக்குக் கதை, பெண்ணுக்கு நிலவு என்று பாகம் பிரித்தவர் யார்? புகழ்ந்தே வாயை அடைக்கும் சூழ்ச்சி இது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? துரையையோ உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயம் ஒழிக என்றனர். தோட்டத்துப் பெண்டிரிடம் அவர்கள் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும் என்றனர். (உத்தியோகஸ்தர் என்ற சொல்லில் எமது கிராணி வர்க்கமும் அடங்கும் என்பதை யாம் மறக்கவில்லை.) சரித்திர நூல்களில் அது கோரிக்கைப் பட்டியலின் ஒரு வரி. எந்தப் பெண், எந்த நிரையில் நின்று, யாரிடம் முதலில் வாய் திறந்தாள்? கேட்ட கணவன் என்ன சொன்னான்? நான்கடி வெண்பாவில் இரங்கல் அடங்கும். இத்தனை பேரின் பேச்சு அடங்குமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மருதியின் துயரைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்ற கதையாகவே எழுதினார்.

"அங்ஙனமாயின் நீங்களே எழுதலாமே" என்பீர்கள். ஆங்கிலப் பள்ளியிலே கற்று, செக்ரோலிலே பெயரும் நாளும் சம்பளமும் குறிக்கும் கை எமது. அலுவலகச் சன்னலுக்கு இப்புறமிருந்து யாம் காண்பது பாதியே. அம்மக்களின் பேச்சோ தங்கள் காதில் இருக்கின்றது. அன்றைய கதை தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். பால்மரம் நின்ற நிரைகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது.

யாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறு காரணமுண்டு என்று வகுப்பிலே முணுமுணுப்பாருமுளர். உண்டு; மறைப்பானேன்? தங்கள்பால் எமக்கு அன்புண்டு. அதற்கு விடை கூறுவதும் கூறாதிருப்பதும் தங்கள் உரிமை. கதையை அதனோடு முடிச்சிட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கள் பாட்டியார் பெரட்டுக் களத்திலே தண்டலை எதிர்த்து நின்ற நாளைப் பத்துப் பக்கத்தில் எழுதி வாருங்கள். அதிலே கிராணி ஒருவன் கயவனாக வருவானாயின், எம்பொருட்டு ஓர் எழுத்தும் குறைக்க வேண்டாம்.